பின்னோக்கிச் சுற்றிய மீட்டர்

ராஜராஜேஸ்வரி, தான் செய்த நல்ல காரியத்தைத் தானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற ரகம். அடக்கம் என்கிற சாமான் அவள் வீட்டு அடுக்களையில் எந்த டப்பாவிலும் கிடையாது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு பெண்பிள்ளை இப்படிப் பேசினால் ஊர் முகத்தைச் சுளிக்கத்தான் செய்யும். ஆனால் அவள் அப்பளத்தைப் பொரித்து வாயில் போட்டதும் சுளித்த முகம் தானாக நேராகிவிடும் என்பதால் யாரும் அதை நேரில் சொன்னதில்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தவள். அவள் வகுப்பில் அவளைத் தவிர மற்ற எல்லாரும் மீசை வைத்தவர்கள். கொஞ்ச காலம் ஒரு மில்லில் வேலை பார்த்து, அங்கே மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, மாமியார் வழி அப்பளத் தொழிலைக் கையில் எடுத்தாள். வாத்தியாரான அவள் புருஷன், அவள் பேச ஆரம்பித்தால் பேப்பரை விரித்துக்கொள்வார். அது ஒரு நல்ல ஏற்பாடு.

அவள் தொழில் நடக்கிற விதத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கால்வாய்த் தெருவின் கடைசியில் ஒரு பெரிய தகர ஷெட். அங்கே உளுந்து மாவோடு பிரண்டைச் சாறும் அப்பளக்காரமும் சேர்த்து மெஷினில் பிசைவார்கள். விடிந்ததும் மாவு உருண்டைகள் வீடு வீடாகப் போகும். பெண்கள் அவரவர் வீட்டிலேயே தேய்த்து வெயிலில் காயப்போடுவார்கள். மத்தியானத்துக்குள் காய்ந்த அப்பளம் ஷெட்டுக்குத் திரும்பிவிடும். முக்கூடல் வரைக்கும் அவளுக்காக உருளுகிற அப்பளக் குழவிகள் உண்டு. மாவு போகாத நாளில் அத்தனை குழவிகளும் மூலையில் கிடக்கும், அத்தனை அடுப்பும் கொஞ்சம் யோசித்துத்தான் எரியும்.

இந்தப் போக்குவரத்துக்கு அவளிடம் மூன்று வேன்கள் இருந்தன. மூன்றும் பெட்ரோல் குடிக்காத வேன்கள். அதைச் செய்து கொடுத்தவன் காஜா முகைதீன். வளைகுடாவில் விமான நிலையத்தில் பெட்டி படுக்கைகளை இழுக்கும் பேட்டரி வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். பழைய டெம்போக்களை வாங்கி, இன்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, மோட்டாரும் வரிசையாக லாரி பேட்டரிகளும் ஏற்றினான். மத்தியானம் திரும்பி வந்ததும் ஷெட்டுச் சுவரில் பிளக்கைச் சொருகினால் சாயங்காலத்துக்குள் வயிறு நிறைந்துவிடும். ஓடும்போது சத்தமே வராது. தெருவில் படுத்திருக்கிற நாய்கூட எழுந்திருக்காது. ஊர் அதற்கு ஊமை வேன் என்று பேர் வைத்தது. காஜா ஒவ்வொன்றிலும் ஒரு சைக்கிள் மணியைக் கட்டிவிட்டான்.

இதெல்லாம் சரியாகத்தான் நடந்தது, கரண்டு ஒன்றைத் தவிர. மேற்கே தலையைத் தூக்கினால் பாபநாசம் மலை. அங்கே தண்ணீர் விழுந்து கரண்டாகி எங்கெங்கோ போய் எரிகிறது. காலடியில் கிடக்கிற கால்வாய்த் தெருவிலோ, பொழுது சாய்ந்தால் டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும், எரியாது. டிரான்ஸ்பார்மர் பாலத்துப் பக்கம். அங்கிருந்து மெலிந்த கம்பி வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே வந்து தெருக்கோடியில் சேரும்போது அதில் உயிர் இருக்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடுவார்கள், டிவியில் ஒளியும் ஒலியும் பார்ப்பார்கள். வசதியுள்ள வீட்டார் ஸ்டெபிலைசர் வாங்கி வைத்து இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்கள். மற்ற வீடுகளில் மின்விசிறி ஒவ்வொரு இறக்கையாகச் சுற்றியது. கடைசியில் இருக்கிற ராஜராஜேஸ்வரியின் பிசைகிற மெஷின் முனகிவிட்டு நின்றுபோகும்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் முப்பந்தலில் டயர் வெடித்து நின்றது. சுற்றிலும் புதிதாக நட்ட காற்றாடிகள். எல்லாரும் நிழல் தேடிப் போக, இவள் மட்டும் ஒரு காற்றாடியின் அடிக்கதவைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆளிடம் போய் நின்றுகொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டாள். உள்ளே இருப்பது பெரிய மோட்டார்தானே என்றாள். ஆமாம் என்றான். மோட்டாரைக் கரண்டு ஓட்டினால் அது கரண்டைத் தின்னும். அது தானாக ஓடுகிற வேகத்துக்கு மேலே காற்று பிடித்துத் தள்ளினால், தின்பதை விட்டுவிட்டுக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கும். பாலிடெக்னிக்கில் படித்துப் பரீட்சை எழுதி மறந்துபோன சங்கதி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. காற்று தள்ளினால் என்ன, ஊமை வேன் தள்ளினால் என்ன?

மத்தியானத்தில் எல்லாரும் தூங்குகிற நேரம் கம்பியில் கரண்டு தாராளமாக இருக்கும். அப்போது வேன்களை நிரப்பிக்கொள்ளலாம், மாவையும் அப்போதே பிசைந்து முடித்துவிடலாம். சாயங்காலம் வேன்கள் சும்மா நிற்கின்றன, பிசைகிற மெஷினின் மோட்டாரும் சும்மா நிற்கிறது. தெரு தவிக்கிற நேரமும் அதுதான். காஜாவிடம் சொன்னாள். அவன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஷெட்டுச் சுவரிலேயே படம் போட்டான். பழைய சாமான் கடையில் பேட்டரியில் ஓடுகிற ஒரு மோட்டாரை வாங்கிவந்து தரையில் இறுக்கினார்கள். மூன்று வேன்களிலிருந்தும் தடித்த கேபிள் அதற்கு வந்தது. அங்கிருந்து ஒரு பெல்ட், பிசைகிற மெஷினின் மோட்டாருக்கு. வேன்கள் அந்த மோட்டாரை அதன் வழக்கமான வேகத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொடுக்கும். தெருக்கம்பியில் கரண்டு போய்விட்டால் எல்லாம் தானாக அறுத்துக்கொள்ளும்படி ஒரு ரிலேயும் வைத்தாள். கம்பத்தில் ஏறுகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளை அல்லவா.

அப்போதிருந்த கரண்டு ஆபீஸ் இன்ஜினியரிடம் போய் அனுமதியும் கேட்டாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, என் லைனுக்குக் கெடுதல் வராமல் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள் தாயி என்றார். எழுத்தில் ஒன்றும் தராமல் அடுத்த வாரமே மாற்றலாகிப் போய்விட்டார்.

முதல் நாள் சாயங்காலம் பெல்ட் ஓடத் தொடங்கியதும் பாதித் தெருவில் டியூப்லைட்டுகள் கண்ணைச் சிமிட்டாமல் எரிந்தன. அவள் வீடு வீடாகப் போய், நான்தான் என்று சொன்னாள். யார் நம்பினார்கள்? அப்பளக் கடை வேனிலிருந்து தெருவுக்குக் கரண்டா என்று சிரித்தார்கள். தெருச் சங்கத்தின் தலைவர் சிவசைலம் அண்ணாச்சி, பலசரக்குக் கடையில் உட்கார்ந்தபடியே, இனிமேல் உன் அப்பளத்திலும் ஷாக் அடிக்குமா என்று கேட்டார். உள்ளூர் மாடு விலைபோகாது என்பது சும்மா சொன்னதில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அதே வாரத்தில்தான் புது இன்ஜினியர் ஞானசம்பந்தன் வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டைக்காரர், சுறுசுறுப்பானவர், கைசுத்தமானவர். வந்ததும் வராததுமாகக் கால்வாய்த் தெருக் கம்பத்தில் ஆளை ஏற்றினார். மூன்று பேஸில் ஒன்றில் மட்டும் பாதித்தெரு தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, வீடுகளைச் சமமாகப் பிரித்து மாற்றிவிட்டார். உண்மையான வேலைதான். அன்றிலிருந்து வோல்டேஜ் வந்துவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. நல்லது நடந்தால் அது ஆபீசர் செய்ததாகத்தான் இருக்கவேண்டும் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். சங்கம் கூடியது. சமுதாயக் கூடத்தில் அவருக்குப் பாராட்டு விழா, பொன்னாடை, மைக் செட், இரவுச் சாப்பாடு என்று முடிவானது. அப்பளம் மட்டும் ராஜராஜேஸ்வரியின் உபயம்.

அவள் அதற்கு ஒத்துக்கொண்டாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மைக்கில் தனக்கு ரெண்டு நிமிஷம் வேண்டும். சிவசைலம் அண்ணாச்சிக்கு மனசில்லைதான். அப்பளம் இல்லாமல் பாயசத்தை எப்படிப் பரிமாறுவது என்று யோசித்துச் சரி என்றார். வாத்தியார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, அங்கே போய் அந்த மனுஷனை அவமானப்படுத்தப் போகிறாயா என்று கேட்டார். இல்லை, எனக்குச் சேரவேண்டியதை வாங்கிக்கொண்டு வரப்போகிறேன் என்றாள்.

விழா அன்று சாயங்காலம் அரக்குக் கலர் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஷெட்டைக் காஜாவிடம் விட்டிருந்தாள். அவனும் வழக்கம்போல வேன்களை மாட்டி பெல்ட்டை ஓட்டிவிட்டிருந்தான்.

விழாவுக்கு வருகிற வழியில் ஞானசம்பந்தன் ஷெட்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார். பாவம், அவர் வந்ததே அப்பளம் வாங்கத்தான். ராஜராஜேஸ்வரி அப்பளம் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள் என்று சம்சாரம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் கரண்டு ஆபீஸ்காரர் கண் எந்தக் கட்டிடத்துக்குள் போனாலும் முதலில் மீட்டரைத்தான் தேடும். அவர் பார்த்தார். மீட்டருக்குள் இருந்த தகடு பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவருடைய சர்வீஸில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. எவனோ கம்பியை மாற்றிக் கொடுத்து மீட்டரைத் திருப்பிவிட்டிருக்கிறான். திருட்டு. அவர் போன இடத்தில் எல்லாம் இந்த மாதிரி ஆட்களைப் பிடித்துப் பேர் வாங்கியவர். காஜா ஓடிவந்து, வேனையும் பெல்ட்டையும் காட்டி, முப்பந்தலையும் துபாயையும் சேர்த்துப் போட்டு விளக்கினான். நாங்கள் கரண்டு எடுக்கவில்லை சார், கொடுக்கிறோம் என்றான். கரண்டை எவனாவது கொடுப்பானா என்று அவர் கேட்டார். மெயினை இறக்கினார். மூன்று பீஸ்கட்டைகளையும் பிடுங்கினார். பீங்கான் கட்டை மூன்றையும் கைக்குட்டையில் முடிந்து ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, நேராகச் சமுதாயக் கூடத்துக்குப் போய் மேடையில் ஏறி உட்கார்ந்தார்.

காஜா பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து வந்து, விஷயத்தை அவள் காதில் சொன்னான். இணைப்பைத் துண்டித்தாயிற்று, நாளைக்குப் போலீசில் எழுதிக் கொடுக்கப்போகிறாராம். வேன்களில் மிச்சமிருப்பது காலையில் ஒரு நடைக்கு வரும், அதற்கப்புறம் மாவும் கிடையாது, வண்டியும் கிடையாது. அவள் மேடையைப் பார்த்தாள். ஞானசம்பந்தன் சிவசைலம் அண்ணாச்சியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் புருவம் ஏறி இறங்கியது.

அண்ணாச்சி மேடையைவிட்டு இறங்கி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொள்வதாக நினைத்துக்கொண்டு மூன்று வரிசைக்குக் கேட்கிறாற்போலப் பேசினார்.

"ராசேஸ்வரி, அந்த ரெண்டு நிமிஷம் வேண்டாம் கேட்டியா. விஷயம் வேற மாதிரில்லா இருக்கு. நீ கரண்டு திருடுதன்னு சார் கையும் களவுமா புடிச்சிருக்காக."

திருட்டு என்கிற வார்த்தைக்குக் கால் முளைக்கத் தேவையில்லை, அதற்குப் பிறவியிலேயே இறக்கை உண்டு. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர அதற்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. ராஜராஜேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவளுக்குத் தூரத்து உறவு. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குப் பிழிய ஷெட்டிலிருந்துதான் மாவு வாங்கிப் போவாள். அவள் தன் நாற்காலியை மெதுவாக, ஒரு சாண் அளவு, தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அந்த ஒரு சாண்தான் ராஜராஜேஸ்வரியைச் சுட்டது. மற்றதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. இணைப்பைத் துண்டித்தால் திருநெல்வேலிக்குப் போய்ப் பெரிய ஆபீசில் சண்டை போடலாம். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். ஆனால் திருடி என்ற பேர் ஒட்டிக்கொண்டால், அந்தப் பேரோடுதான் நாளை அவள் மாவு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கவேண்டும். திருடி வீட்டு மாவு என்று ஒருத்தி வாங்க மறுத்தால் போதும். எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எழுந்து போனால் ஆமாம் என்று ஒத்துக்கொண்டதாகும். அசையாமல் உட்கார்ந்தாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் வீடு வீடாக விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். சிவசைலம் அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, இருட்டில் கிடந்த நம் தெருவுக்கு ஒளியூட்டிய வள்ளல் என்று தொடங்கினார். வள்ளல் என்ற இடத்தில் மைக் ஒரு முறை இருமியது. பொன்னாடையைப் பிரித்து ஞானசம்பந்தன் தோளில் போர்த்தும்போது மேலே டியூப்லைட் சிமிட்ட ஆரம்பித்தது. கைதட்டல் முடிவதற்குள் எல்லா டியூப்லைட்டும் ஓரத்தில் மட்டும் சிவந்து நின்றன. மைக் செத்தது. மின்விசிறிகள் பைய ஓய்ந்தன. கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு, பிறகு இருமுகிற மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

ஞானசம்பந்தன் பொன்னாடையோடு எழுந்து நின்றார். லைன்மேன் சுடலைக்கண்ணுவைப் பாலத்துப் பக்கம் விரட்டினார். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, டிரான்ஸ்பார்மரில் ஒரு குறையும் இல்லை, அங்கே வோல்டேஜ் சரியாக இருக்கிறது, இங்கே வந்து சேரும்போதுதான் இல்லை என்று சொன்னான். நீங்கள் வருவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அதே கதைதான் சார் என்றும் சேர்த்துக்கொண்டான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ராஜராஜேஸ்வரி அப்போதுதான் எழுந்தாள். மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படியாகப் பேசினாள். அவளுக்கு எந்தக் காலத்திலும் மைக் தேவைப்பட்டதில்லை.

"சார், என் பீஸ்கட்டை உங்க ஸ்கூட்டர்லதான் இருக்கு. எடுத்துட்டு வாங்க. உங்க கையாலயே மாட்டுங்க, உங்க கண்ணாலயே பாருங்க. நாங்க கரண்டு குடுக்கோம்னு காஜா சொன்னது தப்புன்னா, நானே உங்ககூட போலீஸ் ஸ்டேஷனுக்கு வாறேன்."

அவர் நல்ல மனுஷர் என்று முதலிலேயே சொன்னேன். கெட்ட மனுஷராக இருந்தால் லைன் பழுது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பியிருப்பார். இவர் படி இறங்கினார். விழாவே எழுந்து அவர் பின்னால் நடந்தது. முன்னால் அரக்குப் பட்டு, அடுத்துப் பொன்னாடை, அதற்கும் பின்னால் தெரு முழுக்க ஆட்கள், சாமி புறப்பாடு மாதிரி ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாமிக்கு முன்னால் தீவட்டி போகும். இங்கே சுடலைக்கண்ணு டார்ச்சு அடித்துக்கொண்டு போனான்.

ஷெட்டு வாசலில் அன்னத்தாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மாவு வாங்கிப் போகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. விஷயம் அவள் காதுக்கும் வந்திருந்தது. எங்க அக்காவைத் திருடின்னு சொன்ன வாய் எது என்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். சிவசைலம் அண்ணாச்சி சுடலைக்கண்ணுவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

ஞானசம்பந்தன் கைக்குட்டையை அவிழ்த்து, பீஸ்கட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, மெயினை ஏற்றினார். ராஜராஜேஸ்வரி முதலில் மோட்டாரை மட்டும் ஓடவிடச் சொன்னாள். வோல்டேஜ் இல்லாததால் அது இழுத்து இழுத்துத்தான் வேகம் பிடித்தது. மீட்டர் தகடு முன்பக்கமாகச் சுற்றியது. அதை அவர் பார்த்துக்கொண்டார். பிறகு காஜா வேன்களின் சுவிட்சைப் போட்டான். தரையில் இருந்த மோட்டார் முனகியது, பெல்ட் இறுகியது. மீட்டர் தகடு தயங்கியது. மெதுவானது. நின்றது. அடுத்த கணம் பின்பக்கமாக நகரத் தொடங்கியது.

ஷெட்டில் தொங்கிய டியூப்லைட் பளிச்சென்று பற்றியது. அடுத்த வீட்டில் பற்றியது. அதற்கடுத்த வீட்டில். தெருக்கோடியிலிருந்து கூடம் வரைக்கும் சன்னல் சன்னலாக வெளிச்சம் ஓடியது. கூட்டத்தில் ஓ என்று ஒரு சத்தம். ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டு மீட்டரை எட்டிப் பார்த்தார்கள். சந்நிதியில் கற்பூரம் காட்டும்போது நிற்கிற மாதிரி ஒருத்தர் தோளுக்கு மேல் ஒருத்தர் தலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதில் கெட்டிக்காரரான சிவசைலம் அண்ணாச்சி முன்னால் வந்து, நான் அன்றைக்கே நினைத்தேன், ராசேஸ்வரி சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று ஆரம்பித்தார். வாருங்கள், கூடத்துக்குத் திரும்பலாம், சாப்பாடு ஆறுகிறது என்றும் சொன்னார்.

ராஜராஜேஸ்வரி மெயினைப் பிடித்து இறக்கினாள்.

தெரு மறுபடியும் மங்கிப்போனது. சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து அடங்கின. டார்ச்சு வெளிச்சத்தில் அவள் முகம் கல்லாட்டம் இருந்தது.

"சாப்பாடு பொறவு இருக்கட்டும் அண்ணாச்சி. சார் என்னைத் திருடின்னு சொல்லி பீஸைப் பிடுங்கியிருக்காக. இப்பம் அவுக சொல்லட்டும். அது திருட்டா, இல்லையா? அது தெரியாம இந்தக் கம்பிக்கு என் வேன் ஒரு சொட்டுக் கரண்டு குடுக்காது."

கூட்டம் ஞானசம்பந்தன் பக்கம் திரும்பியது. அவர் தோளிலிருந்து நழுவிய பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டு, இதற்கு விதி கிடையாதும்மா என்றார். நுகர்வோர் ஒருத்தர் கம்பிக்குள் கரண்டு அனுப்பினால் அதை என்னவென்று எழுதுவது என்று எங்கள் புத்தகத்தில் இல்லை. திருட்டு என்று எழுத இடம் இருக்கிறது, கொடை என்று எழுத இடம் இல்லை.

"விதி இல்லாதது உங்க ஆபீஸ் குறை சார். திருடின்னு சொன்னது உங்க வாய்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் பக்கம் ஒரு அடி வந்து, யாருக்கும் கேட்காத குரலில் ஒன்று கேட்டார். அப்படியென்றால் நான் கம்பத்தில் ஆளை ஏற்றி மாற்றிய வேலை ஒன்றுக்கும் உதவவில்லையா என்று. கேட்டபோது அவர் ஆபீசராக இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்து நிற்கிற மாணவனாட்டம் இருந்தார்.

இந்த இடத்தில் ராஜராஜேஸ்வரி அவரை மண்ணைக் கவ்வ வைத்திருக்கலாம். அந்த ஒரு சாணுக்கு வஞ்சம் தீர்த்திருக்கலாம். அவளுக்கு அந்த ஆசை இல்லாமலும் இல்லை. ஆனால் எலக்ட்ரிக்கல் படித்தவள் கரண்டைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்பது அவளுடைய விரதம்.

"அது நல்ல வேலை சார். நீங்க பிரிச்சுப் போடலன்னா, என் வேன் மூணும் அந்த ஒரு பேஸை தூக்கியே செத்திருக்கும். பாதித் தெருவுக்குத்தான் விளக்கு எரிஞ்சிருக்கும். ரெண்டும் சேந்துதான் இது நடந்திருக்கு. உங்க வேலையை நான் இல்லன்னு சொல்லல. என் வேலையை நீங்க இல்லன்னு சொல்லாதீங்க."

அவர் தலையை நிமிர்த்தினார். பொன்னாடையை எடுத்து மடித்து அருகில் நின்ற வேனின் மேல் வைத்தார். ஷெட்டைவிட்டு வெளியே வந்து தெருவின் நடுவில் போய் நின்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல, வாசலில் மெழுகுவர்த்தியோடு வந்து நின்றவர்களும் அவரைப் பார்த்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. இன்றைக்கு அவர் தன்னைப் பற்றியே கத்தவேண்டி வந்தது.

"நான் சொன்னது தப்பு. ராஜராஜேஸ்வரி அம்மா கரண்டு திருடலை. இத்தனை நாளா சாயங்காலம் சாயங்காலம் இந்தத் தெருவுக்குக் கரண்டு குடுத்தது இந்த அம்மாதான். நாளைக்கு ஆபீஸ்ல நானே இதை எழுதி வைக்கேன். அதுக்கு இடமில்லன்னா, மார்ஜின்ல எழுதி வைக்கேன்."

சற்றுமுன் நாற்காலியைத் தள்ளிப் போட்ட அந்த உறவுக்காரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, ராஜராஜேஸ்வரியின் பக்கத்தில், தோள் உரச நின்றாள். ராஜராஜேஸ்வரியும் தள்ளி நிற்கவில்லை.

காஜா மெயினில் கையை வைத்துக்கொண்டு, போடட்டுமாக்கா என்று கேட்டான்.

எதற்கும் எப்போதும் வார்த்தை வைத்திருக்கிறவள் அவள். அப்பளக்காரத்திலிருந்து முப்பந்தல் காற்றாடி வரைக்கும் அவள் வாயில் இல்லாத பேச்சு கிடையாது. மைக்கில் சொல்வதற்கென்று அந்த ரெண்டு நிமிஷத்துக்குத் தயார் செய்து வைத்திருந்ததும் நெஞ்சுக்குள் அப்படியே இருந்தது. போடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. இன்னொருமுறை முயன்றாள், காற்றுதான் வந்தது. அன்னத்தாய் பதறி, என்னக்கா என்று கையைப் பிடித்தாள். ராஜராஜேஸ்வரி ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு காஜாவைப் பார்த்துக் கையை மட்டும் மேலே தூக்கிக் காட்டினாள்.

பெல்ட் இறுகிற்று. தெரு முழுக்க வெளிச்சம் வந்தது. அவள் அழுதுகொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் கண்ணைத் துடைக்காமல் நின்றாள்.